ஆறு சக்கரம், ஒரு தொட்டி

தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர்கள் 'லாங் டாங்க்' என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே படகுப் போட்டிகூட நடந்திருக்கிறது. 1920களில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைச் சூட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்துவிடும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அது அடையாற்றின் இரு கரையிலும் வந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட நீரில் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. மீனவர்கள் கடலோரக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். அப்போது பலரும் கண்ட சிக்கல் ஒன்று உண்டு. கழுத்தளவு நீரில் படகு ஓடும். தெரு மேடேறி முழங்காலளவு ஆனதும் தரைதட்டும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். கார், ஆட்டோவுக்கு அந்த முழங்காலளவு நீரே எமன். படகுக்குப் போதாத, வண்டிக்கு மிஞ்சிய அந்த இடைப்பட்ட ஆழத்துக்கென்றே ஒரு வண்டி இருக்கிறது. ஆறு பருத்த டயர்கள், நடுவே குளியல் தொட்டி போன்ற ஒரு பிளாஸ்டிக் உடல், பிடித்து ஓட்ட இரண்டு லீவர்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் பிறந்த அந்த வண்டிகளை இன்று தேடிப்பிடித்து, இன்ன கம்பெனி இன்ன மாடல் என்று அடையாளம் கண்டு, மறுபடி ஓடவைப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்வது பாதி பொறியியல், பாதி துப்பறிதல்.

ஆறு சக்கரங்களோடு நீந்திய வண்டிகளில் பேர்போன முதல் வண்டி போருக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் லாரியின் அடிச்சட்டத்தைச் சுற்றிப் படகு உடலைக் கட்டி உருவாக்கிய 'டக்'. சுமார் 21,000 வண்டிகள் வெளிவந்தன. சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர், நீரில் ஏறக்குறைய 10. ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஏற்பாடு இருந்தது. மணலில் இறங்கும்போது காற்றை இறக்கி, சாலை ஏறியதும் நிரப்பிக்கொள்ளலாம். டி.யு.கே.டபிள்யூ. என்ற அதன் நான்கெழுத்துப் பெயரே அதன் அடையாள அட்டையும்கூட. டி என்றால் 1942-ஆம் ஆண்டு வடிவமைப்பு, யு என்றால் பயன்பாட்டு வண்டி, கே என்றால் முன் சக்கரங்களுக்கும் இழுவை, டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு அச்சுக்கும் இழுவை. சிங்கப்பூர் போன நம்மவர்கள் பலர் 'டக் டூர்' வண்டியில் ஏறி மெரினா வளைகுடாவில் இறங்கியிருப்பார்கள். அங்கே ஓடியவை 'லார்க்' என்ற வேறு ராணுவ வண்டிகள். அவற்றுக்கு நான்கே சக்கரம். பெயரை நம்பாமல் அச்சை எண்ணு என்பதுதான் இந்தத் துறையில் முதலில் கற்க வேண்டியது.

பொதுமக்களுக்கான சின்ன ஆறு சக்கர வண்டி 1960களின் தொடக்கத்தில் கனடாவில் வந்தது. ஜான் கோவர் என்பவர் உருவாக்கிய 'ஜைகர்' அது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு குட்டி எந்திரங்கள். அந்தப் பொறி பரவியது. கியர் செய்யும் தொழிலுக்காக 1962-இல் ஒன்டாரியோ மாகாணத்தின் நியூ ஹாம்பர்க்கில் தொடங்கிய ஒன்டாரியோ டிரைவ் அண்ட் கியர் நிறுவனம் 1967-இல் 'ஆர்கோ'வை இறக்கியது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ரவென்னாவிலிருந்து 'ஆட்டெக்ஸ்', நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து 'மேக்ஸ்' வந்தன. டிராக்டருக்குப் பேர்போன அல்லிஸ்-சால்மர்ஸ்கூட 'டெர்ரா டைகர்' என்று ஒன்றைச் செய்து பார்த்தது. 'ஆம்ஃபிகேட்' தொலைக்காட்சியிலேயே நடித்தது: 1968-இல் 'பனானா ஸ்ப்ளிட்ஸ்' குழந்தைகள் நிகழ்ச்சியில் வாழைப்பழ வண்டியாக, 1975-இல் 'ஸ்பேஸ்: 1999' தொடரில் நிலவு வண்டியாக.

1970களில் பலவற்றின் கதை முடிந்தும் போனது. 1970-இல் ஹோண்டா மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்கத் தொடங்கியது. விலை குறைவு, வேகம் அதிகம், நீந்தாது, அவ்வளவுதான். நீந்த வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஆறு சக்கரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின, சில கைமாறின, அச்சு வார்ப்புகள் வேறு ஊர்களுக்குப் போயின. இன்றுவரை தொடர்ந்து நிற்பது ஆர்கோ. அந்த நிறுவனம் கனடா விண்வெளி முகமைக்கு ஆய்வு ஊர்திகளின் அடிப்பகுதியைச் செய்து தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இந்த வண்டி ஏன் மிதக்கிறது என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வண்டி 230 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ, பெட்ரோலும் சாமானும் 30 கிலோ. ஆக 400 கிலோ. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் 400 லிட்டர் நீரை ஒதுக்கித் தள்ளினால் வண்டி மிதக்கும். 22 அங்குல உயரமும் 11 அங்குல அகலமும் உள்ள டயர் ஒன்றின் கன அளவு சுமார் 60 லிட்டர். அச்சு வரை முழுகினால் ஒவ்வொன்றும் 30 லிட்டர், ஆறுக்கும் சேர்த்து 180. மீதி 220 லிட்டரைத் தொட்டி ஒதுக்க வேண்டும். அதன் அடிப்பரப்பு 2 மீட்டருக்கு முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தொட்டி நீருக்குள் இறங்குவது ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. பாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தாங்குவது டயர்கள். டயரில் காற்றில்லாத ஆர்கோவைக் குளத்தில் இறக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

நீரில் தள்ளுவதும் அந்த டயர்களே. சுழலும் சக்கரத்தின் கீழ்ப்பாதி பின்னோக்கிப் போகிறது, மேல்பாதி முன்னோக்கி வருகிறது. இரண்டும் நீருக்குள் இருந்தால் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அச்சு நீர்மட்டத்தில் இருப்பதால் மேல்பாதி காற்றில் சுழல்கிறது, கீழ்ப்பாதியின் பட்டைகள் மட்டும் துடுப்பாகின்றன. வேகம் மிகக் குறைவு, நடக்கும் வேகம் என்று சொல்லலாம். ஆகவே 2015-இன் அடையாறு போன்ற ஓட்டத்தில் இதை இறக்குவது தற்கொலை. ஆறு இழுத்துப் போய்விடும். தேங்கிய தெருநீர், ஏரி, சதுப்பு ஆகியவையே இதன் களம்.

சதுப்பில் இதற்கு நிகர் அரிது. சக்கரம் ஒன்று தரையைத் தொடும் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்றால் ஆறுக்கும் 3,000. அந்த 400 கிலோவை அதில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 0.13 கிலோ. 60 கிலோ எடையுள்ளவர் நடக்கும்போது முழு எடையும் ஒரு பாதத்தில் நிற்கிறது. பாதப் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் அழுத்தம் 0.4. பள்ளிக்கரணைச் சேற்றில் ஆள் கணுக்கால் வரை புதையும் இடத்தில் இந்த வண்டி மேலே ஏறிப் போய்விடும். அதற்கு விலை, டயரில் 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. காற்றுதான் இருக்க வேண்டும். நம் காரில் 30-ஐ ஒட்டி வைக்கிறோம். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. அந்தத் தளதளத்த டயர்தான் எல்லாம்.

திருப்புவதுதான் இதன் உயிர்நாடி. முன்சக்கரங்கள் திரும்பாது. இடப்பக்க லீவரை இழுத்தால் இடப்பக்க மூன்று சக்கரங்களும் நிற்கும் அல்லது மெதுவாகும். வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி டேங்க் போலச் சறுக்கித் திரும்பும். இதைச் செய்யும் கியர்பெட்டியில் இரண்டு சாதி. போர்க்-வார்னர் நிறுவனத்தின் 'டி-20' வகையில் ஒரு பக்கத்தை நிறுத்தினால் மறுபக்கம் பழைய வேகத்திலேயே போகும். ஆர்கோவின் வழி வேறு. அதில் டிஃபரன்ஷியல் இருப்பதால், ஒரு பக்கம் பிரேக் பிடித்தால் அங்கே குறைந்த சுழற்சி மறுபக்கம் போய்ச் சேர்ந்து அதன் வேகம் கூடும். ஓட்டிப் பார்த்தவருக்குக் கையிலேயே வித்தியாசம் தெரியும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒரு பக்க லீவரைப் பிடித்தபடி மறுபக்கச் சக்கரத்தைக் கவனித்தால் போதும். பெயர்ப்பலகை இல்லாத வண்டியின் குடும்பம் பாதி வெளிப்பட்டுவிடும்.

அந்தப் பெயர்ப்பலகை பெரும்பாலும் இருக்காது. சென்னையில் பழைய கார் பிடிப்பவர்களுக்கு ஆர்.சி. புத்தகம் என்ற துணை உண்டு. எம்.சி.-1 என்ற எண் சென்னைத் துறைமுகத்தைக் கட்டி எழுப்பிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது என்று நூறாண்டு தாண்டியும் சொல்ல முடிகிறதென்றால், அது பதிவேட்டின் புண்ணியம். ஆறு சக்கர வண்டிகள் சாலைக்காகப் பிறந்தவை அல்ல. பண்ணையிலும் வேட்டைக்காட்டிலும் ஓடியவை. பதிவு எதுவுமின்றிப் பல கை மாறியிருக்கும். ரிவெட் அடித்த தகடு போயிருக்கும், ஸ்டிக்கர் வெயிலில் உரிந்திருக்கும், மேலே யாரோ பச்சை பெயின்ட் பூசியிருப்பார்கள்.

எந்திரத்தைப் பார்த்துச் சொல்லலாமே என்று தோன்றும். அதுதான் மிகவும் ஏமாற்றும் சாட்சி. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் பின்னபெர்க்கில் உருவான ஜே.எல்.ஓ. டூ-ஸ்ட்ரோக் எந்திரம் பல கம்பெனி வண்டிகளில் இருந்தது. பனிச்சறுக்கு வண்டிகளிலும் இருந்தது. ஒன்று பழுதானால் பக்கத்து வீட்டுப் பனி வண்டியிலிருந்து கழற்றிப் போட்டுவிடுவார்கள். டி-20 கியர்பெட்டியும் அப்படித்தான்: மேக்ஸ், ஆட்டெக்ஸ், ஹஸ்லர் என ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களின் வயிற்றுக்குள் அதுவே இருக்கிறது. டி-20 இருப்பதைக் கொண்டு, இது ஆர்கோ ஆலையில் பிறந்ததாக இருக்காது என்று விலக்கலாம்; யாருடையது என்று முடிவு கட்ட முடியாது. எளிதில் மாறும் பாகம் எதையும் நிரூபிக்காது. மாற்றக் கடினமானதே சாட்சி.

அப்படி மாறாதது தொட்டிதான். அதன் அச்சு வார்ப்புக்குப் பெரும் செலவு ஆகும் என்பதால் கம்பெனிகள் வருடாவருடம் அதை மாற்றவில்லை. மூன்று அச்சுகளுக்கு இடையேயான தூரம், மேல் ஓடும் கீழ் ஓடும் சந்திக்கும் விளிம்பின் உயரம், டயர் குழிவின் வளைவு, டேஷ்போர்டு மேட்டின் வடிவம், சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து பழைய விற்பனைப் படங்களோடு ஒப்பிடுகிறார்கள். பச்சை பெயின்ட்டின் ஓரத்தைச் சுரண்டினால் உள்ளே அசல் நிறம் தெரியும். இந்தப் பிளாஸ்டிக்குகளில் நிறம் மேற்பூச்சல்ல, சரக்கிலேயே கலந்தது.

பிளாஸ்டிக் எந்தச் சரக்கு என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். தொட்டியின் உட்புறத்திலிருந்து நகக்கண் அளவு சில்லை வெட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் அது பாலிஎத்திலீன். அதன் அடர்த்தி 0.95-ஐ ஒட்டியது. மூழ்கினால், அதன் மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட வேண்டும். மேற்பரப்பு கரைந்து பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ். வெட்டிய இடத்தில் கண்ணாடி நார் தெரிந்தால் ஃபைபர். இந்த மூன்று பதில்களில் எது வருகிறது என்பது வண்டி எந்தக் காலத்தது, யாருடையது என்பதைக் குறுக்கித் தருவதோடு, அடுத்து என்ன வேலை செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஏ.பி.எஸ். தொட்டியில் விரிசல் என்றால், முதலில் அது ஓடும் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். விரிசல் நுனியின் கூர்மையில்தான் இழுவிசை முழுதும் குவிகிறது. அங்கே வட்டத்துளை வந்ததும் விசை சுற்றிலும் பரவி, விரிசல் நின்றுவிடும். பிறகு அதே ஏ.பி.எஸ். சில்லுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் குழம்பாக்கிப் பூசுவது. கரைப்பான் ஆவியானதும் பழைய பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளும் புதியதும் பின்னிக்கொள்ளும். அதை ஒட்டுதல் என்பதைவிட ஒன்றாதல் எனலாம். பாலிஎத்திலீனில் இந்த வித்தை செல்லாது. சாதாரணப் பசை எதுவும் அதன் மேல் நிற்காது. அதே சரக்கில் செய்த குச்சியைச் சூடான காற்றால் உருக்கி வெல்டு வைக்க வேண்டும்.

ஃபைபர் என்றால், நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் அதற்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. அலையில் மோதி உடைந்த படகைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி நார் மேட் வைத்து ரெசின் ஊற்றி, மறுநாள் கடலுக்கு அனுப்புவது அங்கே அன்றாட வேலை. ஆறு சக்கரத் தொட்டி கேட்பதும் அதே கைவேலைதான். படகுக்கு இல்லாத தொல்லை ஒன்றே ஒன்று, தொட்டியின் இரு பக்கத்திலும் அச்சு வெளியே வர ஆறு ஓட்டைகள்.

அந்த ஆறு ஓட்டைகளும்தான் மறுசீரமைப்பில் பாதி உழைப்பைத் தின்பவை. ஒவ்வொன்றிலும் ஒரு பேரிங், ஒரு ஆயில் சீல். சீல் தேய்ந்தால் நீர் உள்ளே வரும். சேறு நுழைந்தால் பேரிங் கரகரக்கும். பேரிங் ஆடினால் அச்சைச் சுழற்றும் செயின் பல்லைத் தாண்டும். நல்ல செய்தி என்னவென்றால், கம்பெனி செத்துப்போனாலும் பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண் சாகாது. அந்த எண் உலகம் முழுதும் ஒரே அளவைக் குறிக்கிறது. பாரிமுனைக் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். செயினும் அப்படியே: அரை அங்குலமா, எட்டில் ஐந்து அங்குலமா என்று கண்ணிக்குக் கண்ணி அளந்துவிட்டால், டைமண்ட் செயின் செய்யும் அம்பத்தூருக்கு அது புதிதல்ல. பல்சக்கரத்தை லேத் பட்டறையில் வெட்டிக்கொள்ளலாம்.

டூ-ஸ்ட்ரோக் எந்திரத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி பைக்குகளைப் பிரித்துப் பூட்டிய கைகளுக்கு ஜே.எல்.ஓ. அந்நியமாக இருக்காது. பல ஆண்டு தூங்கிய டூ-ஸ்ட்ரோக்கில் முதலில் மாற்ற வேண்டியது கிராங்கின் இரு முனை ஆயில் சீல்கள். நான்கு ஸ்ட்ரோக்கில் அவை கசிந்தால் எண்ணெய் வெளியே சொட்டும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகவே போவதால், கசியும் சீல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். எந்திரத்திலிருந்து கியர்பெட்டிக்குச் சக்தி கொண்டுபோவது பெரும்பாலும் கூம்புத் தட்டுகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட். 1984-இல் கைனெடிக் ஹோண்டா நம் தெருக்களுக்குக் கொண்டுவந்ததும், இன்றைய கியரில்லா ஸ்கூட்டர்களில் இருப்பதும் அதே தத்துவம்தான்.

இத்தனை பாடுபட்டு ஓடவைத்தாலும் இந்தியச் சட்டத்தில் இதற்கு 'விண்டேஜ்' இடம் கிடையாது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத பழைய வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி எண் வகுத்தன. ஆனால் அவை இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை மட்டுமே சொல்கின்றன. ஆறு சக்கரம் அந்த வரையறைக்குள் வரவில்லை. தொழில்நுட்ப வரலாற்றில் இடமுள்ள வண்டியை, சாலையில் ஓட்ட அல்ல, காட்சிக்கும் பாதுகாப்புக்குமாவது ஏற்கும் ஒரு பிரிவு இருந்திருக்கலாம். அந்த வண்டிகளின் பேரன்களை நாடு இப்போது பயன்படுத்தத் தொடங்கிவிட்டது என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. இந்திய ராணுவம் வாங்கிய 'ஏடோர் என்1200' நான்கு ராட்சத டயர்களில் நீந்தும் வண்டி. 2025 ஆகஸ்டில் பஞ்சாப் வெள்ளத்தில் மக்களை மீட்டது. அதிலும் தொட்டி உடல், குறைந்த காற்று, சறுக்கித் திரும்பல் என்ற அதே மூன்று கொள்கைகள்தான். கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஆகாயத்தாமரை வாரச் சென்னை மாநகராட்சி இறக்கும் எந்திரங்களும் நீர்நில இனத்தைச் சேர்ந்தவையே.

சீர்செய்த வண்டியை நேரே குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. முதல் சோதனை தலைகீழானது: தரையில் நிறுத்தி, தொட்டிக்குள்ளே சாண் உயரம் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெளியே எங்கே சொட்டுகிறது என்று சாக்பீஸால் வட்டமிட வேண்டும். ஆறு அச்சு ஓட்டைகள், அடியிலுள்ள வடிகால் மூடி, மேல்-கீழ் விளிம்பு எல்லாம் அதில் பிடிபடும். அடுத்தது அசையாத நீரில், கரையில் கட்டிய கயிறோடு, உயிர்காப்பு உடுப்போடு அரைமணி நேரம். அப்போது பார்க்க வேண்டியது நீர்க்கோடு எவ்வளவு மட்டமாக நிற்கிறது என்பது. அசல் டூ-ஸ்ட்ரோக் கிடைக்கவில்லை என்று 20 கிலோ கூடுதலான நான்கு ஸ்ட்ரோக் எந்திரத்தைப் போட்டவர்களுக்கு இங்கேதான் கணக்கு இடிக்கும். வண்டி முழுதும் சமமாக இறங்கினால் அந்த 20 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட ஆழாது. எந்திரம் ஒரு கோடியில் உட்கார்ந்திருப்பதால் அந்தக் கோடி மட்டும் அமுங்கும். அந்தப் பக்க அச்சு சீல் நீருக்குள் நிரந்தரமாக மூழ்கும், எதிர்ப்பக்க டயர்கள் மேலெழுந்து துடுப்பு விசையை இழக்கும். பழைய ஜே.எல்.ஓ. ஒன்றுக்காகக் கண்டம் தாண்டித் தேடுகிறவர்கள் வெறும் பழமை மோகத்தில் அலைவதில்லை. அன்று வண்டியை வடிவமைத்தவர் அந்த எந்திரத்தின் எடையை மனதில் வைத்துத்தான் தொட்டியின் வடிவத்தையே வரைந்திருப்பார்.